உடைந்த துப்பாக்கிப் பொறி: நூட்காவில் கொல்லர் ஜூயிட்டின் 28 மாதங்கள்

1803 மார்ச் 22. இன்றைய கனடாவின் வான்கூவர் தீவின் மேற்குக் கரையில், நூட்கா குடாவில் ‘பாஸ்டன்’ என்ற அமெரிக்க வணிகக் கப்பல் நங்கூரம் பாய்ச்சி நின்றது. அதில் 27 பேர். பொழுது சாய்வதற்குள் அவர்களில் 25 பேரின் தலைகள் மேல்தளத்தில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. பிழைத்தவர்கள் இருவர். ஒருவர் கப்பலின் ஆயுதக் கொல்லர் ஜான் ஜூயிட், வயது 19. இன்னொருவர் பாய் தைக்கும் ஜான் தாம்சன், நாற்பது வயதுக்காரர்.

பூர்வகுடிகளிடம் சிறைப்பட்ட மாலுமியின் கதை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நன்றாக விலைபோன சரக்கு. ‘காட்டுமிராண்டிகள்’ நடுவே கடவுள் காத்த வீரன் என்பதே அதன் வழக்கமான வார்ப்பு. ஜூயிட் கதையையும் அப்படித்தான் விற்றார்கள். ஆனால் அவரை ஏன் உயிரோடு விட்டார்கள், விட்டபின் என்னென்ன வேலை வாங்கினார்கள் என்று பார்த்தால் வேறொன்று தெரியும். அது இரும்பின் கணக்கு. அந்தக் கரைக்குத் துப்பாக்கிகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. உடைந்தால் சரிசெய்ய ஒருத்தர்கூட வரவில்லை.

ஜூயிட் இங்கிலாந்தின் லிங்கன்ஷைரில் ஒரு கொல்லரின் மகன். குடும்பம் ஹல் துறைமுகத்துக்குக் குடிபெயர்ந்தது. அப்பாவின் பட்டறைக்கு அமெரிக்கக் கப்பல்களின் வேலை நிறைய வரும். 1802இல் அப்படி வந்தவர்தான் ‘பாஸ்டன்’ கப்பலின் தலைவர் ஜான் சால்டர். மாதம் 30 டாலர் சம்பளம் பேசி ஜூயிட்டை ஆயுதக் கொல்லராகச் சேர்த்துக்கொண்டார். கம்பளி, கண்ணாடி, பாசிமணி, கத்தி, சர்க்கரைப்பாகு, பீப்பாய் பீப்பாயாக ரம், இவற்றோடு சுமார் 3000 துப்பாக்கிகளும் சரக்கில் இருந்தன. கொண்டுபோய்க் கடல்நீர்நாய்த் தோலாக மாற்ற வேண்டும். தோலைச் சீனாவின் காண்டன் துறைமுகத்தில் விற்றுத் தேயிலையும் பட்டும் வாங்க வேண்டும். 1778இல் நூட்காவில் கிடைத்த தோல்களை ஆங்கிலக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் ஆட்கள் பிறகு சீனாவில் கொள்ளை விலைக்கு விற்றார்கள்; அதைப் பார்த்துக் கிளம்பிய வியாபாரம் இது.

நூட்காவின் யூக்வாட் ஊரில் மொவசாட் மக்களின் தலைவர் மக்வினா. மக்வினா என்பது தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் பட்டப்பெயர். இவர் ஆங்கிலத்தை ஓரளவு புரிந்துகொள்வார். பாஸ்டன் வந்த சில நாளில் சால்டர் அவருக்கு ஓர் இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கியைப் பரிசளித்தார். மக்வினா அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். கையில் காட்டு வாத்துகள், கூடவே ஒரு சொல்: ‘பெஷாக்’, அதாவது மோசம். ஒரு குழலின் பொறி, அதாவது அதைச் சுடவைக்கும் இயக்கம், உடைந்திருந்தது.

அந்தக் காலத் துப்பாக்கியில் பொறி எங்கே, எப்படிப் போகும் என்று தெரிந்தால்தான் இந்தக் காட்சி விளங்கும். குதிரை என்ற சுத்தியல் போன்ற உறுப்பின் வாயில் சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வவைத்திருப்பார்கள். விசையை இழுத்தால் குதிரை பாய்ந்து எதிரே நிற்கும் எஃகுத் தகட்டில் உரசும்; தீப்பொறி பறந்து, கீழே சிறு கிண்ணத்தில் இருக்கும் வெடிமருந்தில் விழும். குதிரையைப் பாயவைப்பது உள்ளே மடங்கிக் கிடக்கும் ஒரு பட்டை வில். வில்லின் உரம் மிஞ்சினால் ஒருநாள் படக்கென்று முறியும். குறைந்தால் துவண்டுபோகும், குதிரை சோம்பலாக விழும், தீப்பொறி வராது. எஃகுத் தகட்டின் மேல்தோல் மட்டுமே கடினம். அது தேய்ந்தால் உள்ளே இருப்பது மெத்து இரும்பு. கல் இருபது முப்பது வெடிக்குள் மழுங்கும். ஆண்டில் பாதி நாள் மழையும் உப்புக்காற்றும் அடிக்கிற கரையில், துடைத்து எண்ணெய் போடாத துப்பாக்கி ஒரு பருவத்திலேயே துருவேறிச் சிக்கிக்கொள்ளும். போதாதற்கு, தோல் வியாபாரத்துக்கென்று கப்பலேறிய துப்பாக்கிகளில் மட்டச் சரக்கு அதிகம். ஆக மக்வினா சொன்னது புகார்கூட இல்லை. இப்படி ஆகிவிட்டது, பாருங்கள் என்ற அளவுதான்.

சால்டர் அதைத் தன் பரிசுக்கு நேர்ந்த அவமதிப்பாக எடுத்துக்கொண்டார். மக்வினாவைப் பொய்யன் என்று திட்டி, துப்பாக்கியைப் பிடுங்கி அறைக்குள் வீசி, ஜூயிட்டைக் கூப்பிட்டு, ‘இதைச் சரிசெய்ய முடியுமா பார்’ என்றார். மக்வினாவுக்கு அவ்வளவும் புரிந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. கையால் தொண்டையையும் மார்பையும் மாறி மாறித் தடவிக்கொண்டே நின்றார். நெஞ்சு தொண்டைக்கு ஏறி அடைத்தது, அதைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தேன் என்று பிறகு ஜூயிட்டிடம் சொன்னாராம். இதே காட்சியில் இன்னொன்றும் நடந்தது. இந்தப் பையனுக்குத் துப்பாக்கி பழுதுபார்க்கத் தெரியும் என்பதை மக்வினா தன் கண்ணாலேயே பார்த்துக்கொண்டார்.

ஒரு வசவுக்கு 25 உயிரா என்று கேட்கத் தோன்றும். வசவு கடைசிச் சொட்டு. 1785இல் முதல் வியாபாரியாக வந்த ஹன்னா, ஓர் உளி களவுபோனதற்காகப் படகுகளின் மேல் சுட்டதில் இருபதுக்கு மேற்பட்டவர் இறந்ததாக மக்வினா ஜூயிட்டிடம் சொன்னார். 1789இல் ஸ்பானியர் காலிகம் என்ற தலைவரைச் சுட்டுக் கொன்றார்கள். குளிர்காலத்துக்குத் தங்கிய ஒரு கப்பல்காரர், ஆண்கள் இல்லாத நேரம் பார்த்து மக்வினாவின் வீட்டில் புகுந்து 40 தோல்களை வாரிக்கொண்டு போனார். 1792இல் அமெரிக்கர் கிரே, தெற்கே கிளாக்வாட்டில் ஒபிட்சாட் என்ற முழு ஊரையே எரித்தார். செய்தவர் போய்விடுவார், அடுத்து வரும் கப்பல்தான் கணக்குத் தீர்க்க வேண்டும். பழி ஆளைச் சேராமல் கூட்டத்தைச் சேரும் என்ற அந்த ஊர் நியாயம் வெள்ளையருக்கும் புதிதல்ல. உளி திருடியவன் ஒருவன், சுட்டது கண்ணில் பட்டவர்களை எல்லாம். போதாக்குறைக்கு, தோல் வளம் வடக்கே நகர்ந்ததால் 1803 வாக்கில் நூட்காவுக்குக் கப்பல் வரத்தே அருகிவிட்டது. வியாபாரம் கொழித்த காலத்தில் விழுங்கிய கோபத்தை இப்போது விழுங்க வேண்டிய தேவை குறைந்திருந்தது.

தாக்குதலில் கப்பல் பக்கத்துத் தவறுகள் எளிமையானவை. யூக்வாட்டில் சால்மன் மிகுதி என்று மக்வினா சொன்னதை நம்பி, துணைத்தலைவரையும் ஒன்பது பேரையும் இரண்டு படகுகளில் சால்டர் அனுப்பிவைத்தார். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆள் குறைந்தது. மேலே வந்தவர்களிடம் ஆயுதம் தேடினார்கள். ஆனால் மாலுமிகளின் பையிலேயே மடக்குக் கத்திகள் இருந்தன. பெரிய படகைக் கப்பலில் ஏற்றுவது நாலு பேர் வேலை இல்லை. மீந்த எல்லாரும் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்ற அந்த வேளையில்தான் மக்வினாவின் ஆட்கள் பாய்ந்தார்கள். கயிற்றை விட்டால் படகு விழும், விடாவிட்டால் கழுத்து போகும்.

ஜூயிட் அப்போது கீழ்த்தளத்தில், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் முன்னால் துப்பாக்கி துடைத்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு ஏணியில் தலை நீட்டியதும் ஒருவர் முடியைப் பிடித்துத் தூக்கினார். முடி குட்டையாக வெட்டியிருந்ததால் பிடி வழுக்கி ஜூயிட் கீழே விழ, கோடரி நெற்றியைக் கிழித்ததோடு போனது. மேலே இழுத்திருந்தால் அது மண்டையில் இறங்கியிருக்கும். கொல்லரைக் கொல்லாதே என்று மக்வினா கதவை மூடச் செய்தார். பிறகு மேலே அழைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார்: ஆயுள் முழுக்க எனக்கு அடிமையாக இருப்பாயா? எனக்காகச் சண்டை போடுவாயா? துப்பாக்கிகளைச் சரிசெய்வாயா? கத்தியும் பிச்சுவாவும் அடித்துத் தருவாயா? நான்கில் இரண்டு கேள்விகள் பட்டறை சம்பந்தமானவை.

தாம்சன் ஒளிந்திருந்து பிறகு அகப்பட்டவர். ஜூயிட் அவரைத் தன் தகப்பன் என்றார். அவரைக் கொன்றால் நானும் சாவேன், அப்புறம் உங்களுக்குக் கொல்லன் இல்லை என்றார். வயது வித்தியாசம் பொய்க்கு ஒத்துவந்தது. தாம்சன் சீக்கிரமே தன் விலையைத் தானே காட்டிக்கொண்டார். மக்வினாவின் படகுக்குப் பாய் தைத்தார். கப்பலில் கிடைத்த மேற்சட்டைத் துணிகளைச் சதுரம் சதுரமாக ஒட்டி, ஓரத்தில் நீர்நாய்த் தோலும் பொன்முலாம் பொத்தான்களும் வைத்து ஒரு போர்வை செய்தார். அதைப் போர்த்திக்கொண்டு தலைவர் விருந்துக்குப் போனபோது பார்த்தவர்கள் வாய்பிளந்தார்களாம்.

கப்பலைக் கரையோரம் இழுத்துச் சரக்கை இறக்கினார்கள். தீப்பந்தத்தோடு இரவில் கொள்ளையடிக்கப் போன ஒருவரால் அது பற்றி எரிந்து, ஏராளமான பொருள் சாம்பலானது. கரைக்கு வந்த ரம்மைக் குடித்து ஊர் ஆண்கள் நிலை தடுமாறிய ஓர் இரவில், ஜூயிட்டும் தாம்சனும் பீப்பாயின் அடியில் திருகுத் துளைப்பானால் ஓட்டை போட்டு மிச்சத்தை மண்ணில் ஓடவிட்டார்கள். என்னைக் கேட்டால், அந்த 28 மாதங்களில் அவர்கள் செய்த ஆகச் சிறந்த பாதுகாப்பு ஏற்பாடு அதுதான்.

பெரிய விருந்தில் மக்வினா வாரி வழங்கியதை ஜூயிட் கணக்கெழுதி வைத்திருக்கிறார்: 100 துப்பாக்கி, 100 கண்ணாடி, 400 கஜம் துணி, 20 பீப்பாய் வெடிமருந்து. நமக்கு இது ஊதாரித்தனமாகத் தெரியலாம். அங்கே சேர்த்துவைப்பவனுக்குப் பெயர் இல்லை. கொடுப்பவன்தான் தலைவன், வாங்கியவன் அவனுக்குக் கட்டுப்பட்டவன். கூடவே இன்னொன்று: இத்தனை துப்பாக்கிகள் கரை நெடுகப் பரவியபின், அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்த ஒரே ஆள் மக்வினாவின் வீட்டில் இருந்தார்.

ஜூயிட்டின் பட்டறை எப்படி இருந்தது? பெரிய சதுரக் கல் ஒன்றுதான் அடைகல். உலை கிடையாது, விறகு நெருப்பு. செப்பு வளையல் தட்டவும் கத்தி தீட்டவும் இது போதும். துப்பாக்கி வில் என்றால் சோதனைதான். எஃகைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்க்க வேண்டும். பிறகு எண்ணெய் பூசி நெருப்பில் காட்டி, அது எரிந்து தீர்ந்து எஃகின் மேல் நீலம் ஓடும் பதத்தில் எடுக்க வேண்டும். விறகு நெருப்பு ஒருபக்கம் சுடும், ஒருபக்கம் சுடாது. பதம் பிசகினால் வில் மறுநாளே முறியும். தோய்க்க எண்ணெய்க்கு மட்டும் அங்கே பஞ்சமில்லை. திமிங்கில எண்ணெய் ஊறாத சாப்பாடே கிடையாது, காட்டு ஸ்ட்ராபெர்ரிப் பழத்துக்குக்கூட ஊற்றிக்கொள்வார்கள்.

திமிங்கில வேட்டையில்தான் அவர் தொழில் உச்சம் தொட்டது. வேட்டையைத் தொடங்கி வைக்கும் உரிமை தலைவருடையது. முதல் ஈட்டி அவர் கையால்தான். ஈட்டியின் முனை கூர்தீட்டிய சிப்பி ஓடு. இருபுறமும் எலும்புக் கொக்கிகள். பின்னால் நரம்பு முறுக்கிய கயிறு, அதில் காற்றடைத்த சீல் தோல் மிதவைகள். சிப்பி ஓடு நன்றாக வெட்டும். எலும்பில் பட்டால் நொறுங்கும், கொக்கி கழன்றால் திமிங்கிலம் கயிற்றோடு போய்விடும். மக்வினாவுக்கு ஒரு பருவம் முழுக்க இப்படித் தவறிக்கொண்டே போனது. வெறுங்கையோடு திரும்பும் தலைவருக்கு ஊரில் மதிப்பு குறையும். ஜூயிட் எஃகில் முனை அடித்துக் கொடுத்தார். அதை எடுத்துப் போன முதல் முறையே திமிங்கிலம் விழுந்தது. மற்றத் தலைவர்கள் தங்களுக்கும் வேண்டும் என்று வந்தார்கள், மக்வினா அனுமதிக்கவில்லை. கொல்லர் அவருடைய தனியுடைமை.

உடைமை என்ற சொல் இங்கே உவமை இல்லை. மக்வினாவின் வீட்டில் மட்டும் ஆணும் பெண்ணுமாக ஏறக்குறைய 50 அடிமைகள் இருந்ததாக ஜூயிட் எழுதுகிறார். போரில் பிடிபட்டவர்களும் விலைக்கு வாங்கியவர்களும் அவர்கள். விறகு, தண்ணீர், மீன்பிடி எல்லாம் அவர்கள் தலையில். எசமானின் கூரைக்கடியிலேயே தூங்கி அங்கேயே சாப்பிடுவார்கள். எசமான் நினைத்தால் கொல்லலாம், விற்கலாம், பரிசாகக் கொடுக்கலாம். ஜூயிட்டை விலைக்குக் கேட்டு மற்ற ஊர்த் தலைவர்களும் வந்தார்கள். அவரும் தாம்சனும் விறகு சுமந்தார்கள், கத்தியும் கைத்துப்பாக்கியுமாக இரவுக் காவல் நின்றார்கள், ஒரு படையெடுப்பில் மக்வினாவோடு போனார்கள். 1804இல் பக்கத்து ஊர்த் தலைவர் ஒருவரின் மகளை மக்வினாவே விலை கொடுத்து ஜூயிட்டுக்குக் கட்டிவைத்தார். வேர்விட்ட ஆள் ஓடமாட்டான் என்பது கணக்கு. கல்யாணத்தோடு ஊர் உடைக்கு மாற வேண்டும் என்றும் உத்தரவு. அந்தக் குளிரில் அரைகுறையாகப் போர்த்திக்கொண்டு நடந்ததுதான் தன்னைப் படுக்கையில் தள்ளியது என்கிறார் ஜூயிட்.

தொழில் தெரிந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதே ஊரில் முந்தைய சாட்சி ஒருவர் உண்டு. அவரை அங்கே விட்டுவந்தவர் நம் சென்னைக்குத் தெரிந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ஊழியர் ஜேம்ஸ் ஸ்டிரேஞ்ச் 1786இல் பம்பாயிலிருந்து இரண்டு கப்பல்களோடு நூட்காவுக்குப் போனார். காய்ச்சலில் கிடந்த துணை மருத்துவர் ஜான் மக்கே என்பவரை, மொழி கற்றுத் தோல் சேர்த்துவைக்கும்படி மக்வினாவிடம் விட்டுவிட்டு வந்தார். தலைவரின் குழந்தைக்கு இருந்த சிரங்கை ஆற்றியதால் மக்கேவுக்கு முதலில் நல்ல மதிப்பு. ஒருநாள் குழந்தையின் தொட்டிலைத் தாண்டிவிட்டார். அது அங்கே பெரும் தீட்டு. அடி விழுந்தது, வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார். பிறகு குழந்தையும் இறந்தது. 1787இல் வேறொரு கப்பல் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. ஸ்டிரேஞ்சின் நாட்குறிப்பை 1928இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்டது.

ஜூயிட் மக்கேயைவிடக் கவனமானவர். மொழியைச் சீக்கிரம் பிடித்தார், குழந்தைகளுக்குப் பொத்தானில் சங்கிலி கோர்த்துக் கொடுத்தார், பெண்களுக்கு வளையல் அடித்து மீன் வாங்கிக்கொண்டார். தாம்சன் நேரெதிர், கோபம் வந்து தலைவரின் மகனையே அடித்துவிட்டார். அன்றும் ‘தகப்பன்’ கதைதான் காப்பாற்றியது.

சாப்பாடு எப்போதும் கிடைத்ததென்று நினைக்க வேண்டாம். ஊரே மீனைத் தொடர்ந்து நகரும். செப்டம்பரில் வீட்டுச் சட்டத்தை மட்டும் விட்டுவிட்டு, பலகைகளைப் படகில் ஏற்றிக் குடாவின் உள்ளே டாசிசுக்குப் போவார்கள், அங்கே சால்மன். பைன் சிம்புகளால் கட்டிய, சுமார் 20 அடி நீளக் கூம்புக் கூடையை ஆற்றில் வைத்து, மேலிருந்து மீனை விரட்டுவார்கள். கால் மணி நேரத்தில் 700க்கு மேல் விழுந்ததைப் பார்த்ததாக ஜூயிட் சொல்கிறார். பிறகு நம் சாளைக்கு உறவான ஹெர்ரிங் பருவம். மரக்கிளைகளைக் கல் கட்டி நீரில் அமிழ்த்தி, அதில் அது இடும் முட்டையை உருவிச் சாப்பிடுவார்கள். புயல் அடிக்கும் வாரங்களில் எல்லாருக்கும் பட்டினி, அடிமைக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

இவ்வளவும் நமக்குத் தெரிவது ஜூயிட் எழுதி வைத்ததால். தலைவர் சால்டரின் வெற்றுக் கணக்குப் புத்தகம் கிடைத்தது, மை இல்லை. தாம்சன் தன் விரலைக் கீறி ரத்தம் தருவதாகச் சொன்னார். ஜூயிட் கருநிற பெர்ரிப் பழச்சாற்றில் கரித்தூளைப் போட்டுக் காய்ச்சி, துணியில் வடிகட்டினார். வெறும் சாறு நாளாவட்டத்தில் வெளுக்கும், கரி வெளுக்காது. காக்கை இறகு பேனா, சிப்பி ஓடு மைக்கூடு.

இந்த எழுத்து இரண்டு வடிவங்களில் அச்சானது. 1807இல் வந்தது மூல நாட்குறிப்பு: இன்று மழை, பிச்சுவா அடித்தேன், சாப்பிட எதுவும் இல்லை என்ற ரகம். 1815இல் வந்தது ரிச்சர்ட் ஆல்சப் என்ற எழுத்தாளர் ஜூயிட்டிடம் கேட்டுக் கேட்டு வளர்த்தது. உரையாடல், உணர்ச்சி, பக்தி எல்லாம் அதில்தான். மக்வினாவின் பேச்சுகளைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது. ஆனால் தேதிகளை நம்பலாம். 1805 ஜனவரி 15 நள்ளிரவில் சந்திர கிரகணம் வந்து ஊரே கூரையேறிக் கூச்சல் போட்டதாக எழுதுகிறார். நமக்குப் பாம்பு விழுங்குவதுபோல் அவர்களுக்கு ஒரு பெரிய மீன் நிலவை விழுங்கியது. அதே இரவின் கிரகணத்தை, கண்டத்தின் நடுவே மேண்டன் கோட்டையில் குளிர்காலம் கழித்த, அமெரிக்க அரசு அனுப்பிய லூயிஸ்–கிளார்க் ஆய்வுப் பயணக் குழுவும் பதிந்திருக்கிறது. இரண்டாண்டு நெருங்கியும் ஒருநாள்கூடத் தப்பாமல் எண்ணியிருக்கிறார்.

விடுதலை இவ்வளவு தாமதமானதற்கும் காரணம் உண்டு. சம்பவம் நடந்த சில நாளில் இரண்டு கப்பல்கள் எட்டிப் பார்த்தன. கரையிலிருந்து சுட்டதும் திரும்பிப் போயின. செய்தி பரவியது, அதன்பின் நூட்கா பக்கம் யாரும் வரவில்லை. வந்து போகும் தலைவர்களிடம் ஜூயிட் 16 கடிதங்கள் கொடுத்தனுப்பினார். அதில் ஒன்று, தெற்கே கிளைசார்ட் தலைவர் உலட்டிலா கையிலிருந்து, பாஸ்டன் நகரத்துக் கப்பலான ‘லிடியா’வின் தலைவர் சாமுவேல் ஹில்லிடம் சேர்ந்தது. 1805 ஜூலை 19 அன்று லிடியா நூட்காவுக்கு வந்தது.

ஊரார் சிலர் இருவரையும் கொன்றுவிடலாம் என்றார்கள், சாட்சி இருக்காது. மக்வினாவுக்கோ வியாபாரம் வேண்டும். இரண்டு ஆண்டாகப் புதுத் துணி இல்லை, வெடிமருந்து இல்லை. தான் நல்லவர் என்று சொல்லும் கடிதம் ஒன்று எழுதித் தரும்படி ஜூயிட்டைக் கேட்டார். ஜூயிட் எழுதியது, இவரைப் பிடித்துக் கட்டிவையுங்கள், நாங்கள் வரும்வரை விடாதீர்கள் என்று. மக்வினா அவர் முகத்தையே உற்றுப் பார்த்து, ‘ஜான், பொய் இல்லையே?’ என்றார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. நான்கு உயர்ந்த நீர்நாய்த் தோல்களோடு கப்பலேறினார்; ரம்மும் பிஸ்கட்டும் தந்தபின் விலங்கு பூட்டினார்கள்.

கரையில் கூச்சல். கண்டந்துண்டமாக வெட்டுவோம் என்றார்கள். வெட்டினால் உங்கள் தலைவர் பாய்மரத்தில் தொங்குவார் என்று ஜூயிட் சொல்லி, முதலில் தாம்சனை அனுப்பச் செய்தார், அடுத்துத் தானும் ஏறினார். பாஸ்டனின் பீரங்கிகள், நங்கூரங்கள், மிச்சச் சரக்கு, கப்பல் தாள்கள் எல்லாம் திரும்பி வந்தபின்தான் மக்வினாவை விட்டார்கள். பிரியும்போது மக்வினா கண்ணீர் விட்டதாகவும், ஜூயிட்டின் மகனைத் தன் பிள்ளையாக வளர்ப்பதாகச் சொன்னதாகவும் எழுதியிருக்கிறது. லிடியா உடனே ஊர் திரும்பவில்லை. அதே கரையில் தோல் வாங்கித் திரிந்து மறுபடி நூட்காவுக்கு வந்தது. மக்வினா மீண்டும் கப்பலேறினார், இம்முறை தோல் விற்க.